காப்பகத்திலிருந்து வாடகை வீட்டுக்கு: வீடற்ற குடும்பங்களுக்கு ஒரு தெரு துணை நிற்கும் முறை

தீபாவளிக்கு முந்தைய நாள், வடசென்னையில் குடும்பங்களுக்கென நடக்கும் காப்பகம் ஒன்றில், மதியம் ஒரு மணிக்குள் மூன்று வேன்களில் பிரியாணி வந்து இறங்கியது. அங்கே தங்கியிருந்தவர்கள் குழந்தைகளையும் சேர்த்து நாற்பது பேர்தான். மிஞ்சியதை எங்கே கொடுப்பது என்று பொறுப்பாளர் தொலைபேசியில் ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு பெண்மணி என்னிடம் வந்தார். கொருக்குப்பேட்டையில் ஒரு வீடு பார்த்து வைத்திருப்பதாகவும், வீட்டுக்காரர் "தெரிஞ்சவங்க யாராவது வந்து சொல்லட்டும்" என்று கேட்பதாகவும், தன்னோடு வந்து ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்றும் கேட்டார். அவருடைய கணவர் பாரிமுனையில் மூட்டை தூக்குகிறார். அந்தப் பெண்மணி வீட்டுவேலை செய்கிறார். வாடகை கொடுக்க இருவருக்கும் வருமானம் இருந்தது. அவர்களுக்காகப் பேச ஓர் ஆள்தான் இல்லை.

காப்பகத்துக்கு உதவ விரும்பும் குடியிருப்போர் சங்கங்கள், கோயில், தேவாலய, பள்ளிவாசல் குழுக்கள், பள்ளியின் பழைய மாணவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். சென்னையை வைத்தே எழுதினாலும், தமிழ்நாட்டின் மற்ற மாநகராட்சிகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும். காப்பகம் ஒரு குடும்பம் தங்கிப் போகும் இடமே ஒழிய, போய்ச் சேரும் இடம் ஆகாது. நாம் செய்யும் ஒவ்வொரு உதவியையும், அந்தக் குடும்பம் அங்கிருந்து சொந்தப் பூட்டும் சாவியும் உள்ள ஒரு வீட்டுக்குப் போவதற்கு இது எத்தனை நாளைக் குறைக்கும் என்று கேட்டுப் பார்த்தே செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உணவு தேவைதான். ஆனால் ஒரு ரூபாய்க்கு இட்லி கிடைக்கும் அம்மா உணவகம் உள்ள ஊரில், ஒரு குடும்பத்தை ஆண்டுக்கணக்கில் தெருவில் நிறுத்தி வைப்பது பெரும்பாலும் வேறு காரணங்களாகவே இருக்கின்றன.

முதலில் உங்கள் பகுதிக் காப்பகத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

உணவு உரிமை வழக்கை விசாரித்துவந்த உச்ச நீதிமன்றம், 2010-ஆம் ஆண்டில், பெருநகரங்களில் ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒன்று என்ற கணக்கில், ஆண்டு முழுவதும் இரவும் பகலும் திறந்திருக்கும் காப்பகங்களை அமைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 2013-இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் அதற்கு விதிமுறைகளை வகுத்தது. தங்கும் ஒருவருக்கு 50 சதுர அடி இடம், குடிநீர், கழிப்பறை, சமையலறை ஆகியவை அவற்றில் அடங்கும். சென்னையில் மாநகராட்சி கட்டடத்தைக் கொடுக்க, தொண்டு நிறுவனங்கள் நடத்துகின்றன. ஆண்களுக்கு, பெண்களுக்கு, குடும்பங்களுக்கு, சிறுவர்களுக்கு, முதியோருக்கு, மனநலம் பாதிக்கப்பட்டவர்களுக்கு எனக் காப்பகங்கள் தனித்தனியாக உள்ளன. அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளுடன் வருவோருக்கும் இருக்கின்றன.

இந்தப் பிரிவினையைப் புரிந்துகொள்ளாமல் தெருவில் இருப்பவரை "வாருங்கள், சேர்த்துவிடுகிறேன்" என்று அழைத்துப் போகாதீர்கள். கணவரை ஆண்கள் காப்பகத்திலும் மனைவியைப் பெண்கள் காப்பகத்திலும் சேர்க்க வேண்டியிருந்தால், பெரும்பாலான குடும்பங்கள் நடைபாதையிலேயே சேர்ந்து இருந்துவிடுவதைத்தான் விரும்பும். அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. யானைகவுனி, வால்டாக்ஸ் சாலை, பிராட்வே பகுதிகளில் மூன்று தலைமுறையாக நடைபாதையில் குடியிருக்கும் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்குச் சந்தையும் வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் அந்தத் தெருவைச் சுற்றியே இருக்கின்றன. இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி கண்ணகி நகரிலோ பெரும்பாக்கத்திலோ வீடு கிடைத்தும், விடியற்காலை வேலைக்கு வந்து சேர முடியாமல் மீண்டும் பழைய நடைபாதைக்கே திரும்பியவர்கள் இருக்கிறார்கள். ஆகவே முதல் கேள்வி, "எங்கே இருந்தால் உங்கள் பிழைப்பு கெடாது?" என்பதாக இருக்கட்டும்.

எந்தக் காப்பகம் எங்கே இருக்கிறது, யாரைச் சேர்ப்பார்கள் என்பதை மாநகராட்சியின் 1913 எண்ணில் கேட்கலாம். பிறகு, பொறுப்பாளரிடம் முன்கூட்டியே நேரம் கேட்டு, இரண்டு பேராக மட்டும் போங்கள். கைப்பேசியில் யாரையும் படம் எடுக்க வேண்டாம். கணவரின் அடிக்கு அஞ்சி ஓடிவந்த பெண்ணுக்கு, யாரோ ஒருவர் நல்லெண்ணத்தோடு வாட்ஸ்அப்பில் போட்ட படமே ஆபத்தாக முடியலாம். முதல் சந்திப்பில் எதையும் வாக்களிக்காமல், தங்கியிருப்பவர்களில் யார் யார் வெளியேறும் நிலைக்கு அருகில் இருக்கிறார்கள், அவர்களுக்கு எது தடையாக இருக்கிறது என்பதை மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியல்தான் அடுத்த ஓராண்டுக்கு உங்கள் வேலை.

ஆவணங்கள்: பொறுமையான ஒருவர் வேண்டும்

பட்டியலில் பெரும்பாலும் முதலில் வருவது ஆவணம். நடைபாதையில் இருப்பவர்களிடம் ஆவணம் இல்லை என்று பொதுவாகச் சொல்கிறோம். எனக்குத் தெரிந்த வரையில், பெரும்பாலானவர்களிடம் ஒரு காலத்தில் இருந்திருக்கிறது. ஒரு பெண்மணி தன் குடும்ப அட்டை, மகளின் பிறப்புச் சான்றிதழ், மருத்துவமனைச் சீட்டு ஆகியவற்றை இரண்டு பால் கவர்களுக்குள் சுற்றி, தெருவோர மின் பெட்டியின் பின்னால் சொருகி வைத்திருந்தார். வேலைக்குப் போயிருந்த நேரத்தில் நடைபாதையைச் சுத்தம் செய்தவர்கள் குப்பையோடு அதையும் அள்ளிக்கொண்டு போனார்கள். பத்து ஆண்டுகளாகச் சேர்த்த தாள்கள் ஒரே காலையில் போயின. ஆகவே முதல் வேலையாக, காப்பகத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பூட்டக்கூடிய ஒரு பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நன்கொடைப் பணத்தில் முதலில் வாங்க வேண்டியது அதுதான்.

ஆதாரைப் பொறுத்தவரை, நிலையான முகவரி இல்லை என்பதால் அது மறுக்கப்பட வேண்டியதில்லை. அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் தலைவர், ஆதார் ஆணையம் தந்துள்ள படிவத்தில் புகைப்படம் ஒட்டிக் கையெழுத்திட்டு முத்திரை வைத்தால், அதை முகவரிச் சான்றாகக் கொடுக்கலாம். அந்தச் சான்று மூன்று மாதங்களுக்குத்தான் செல்லும் என்பதால், படிவம் வாங்கிய வாரமே சேர்க்கை மையத்துக்கு அழைத்துப் போய்விடுங்கள். பெயரின் எழுத்துகளும் பிறந்த தேதியும் பழைய தாள்களோடு ஒத்துப்போகின்றனவா என்று இருமுறை பாருங்கள். ஒரு எழுத்துப் பிழை பின்னால் ஓய்வூதியத்தையே நிறுத்திவிடும். கைப்பேசி எண் அடிக்கடி மாறுகிறவர்களுக்கு ஆதாரில் எண்ணைப் புதுப்பிப்பதும் இதே பயணத்தில் முடிந்துவிட வேண்டும்.

வாக்காளர் பட்டியல் விஷயம் பலருக்குத் தெரியாது. வீடற்றவர் படிவம் 6-இல் தாம் தூங்கும் இடத்தைக் குறிப்பிட்டு விண்ணப்பிக்கலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகளில் அங்கே நேரில் வந்து, அவர் அங்கேதான் தூங்குகிறார் என்று உறுதிசெய்துகொண்டால் போதும். வேறு முகவரிச் சான்று கேட்கக் கூடாது என்பதே தேர்தல் ஆணையத்தின் நடைமுறை. நடைமுறையில், இரவு பத்து மணிக்கு மேல் ஓர் அலுவலர் தனியாக நடைபாதைக்கு வரத் தயங்குவார். தெருவைச் சேர்ந்த இருவர் அவருடன் போய், விண்ணப்பித்தவர் வேறு இடத்துக்குப் போய்விடாமல் அன்றிரவு அங்கேயே இருக்கும்படி முன்கூட்டியே சொல்லி வைத்தால், வேலை நடக்கும். இந்த ஒரு காரியத்துக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

இவற்றுக்குப் பிறகுதான் குடும்ப அட்டை, வங்கிக் கணக்கு, முதியோர் ஓய்வூதியம், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை எல்லாம். ஒன்றைக் காட்டித்தான் அடுத்ததை வாங்க முடியும் என்பதால் வரிசை முக்கியம். உங்கள் குழுவில் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ஒருவர் இருப்பார். மனு எழுதவும், எந்த மேசையில் எதைக் கேட்பது என்று சொல்லவும் தெரிந்த அவரை இந்த வேலைக்கு வையுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் இ-சேவை மையத்துக்கும் ஒரு தினக்கூலித் தொழிலாளி மூன்று முறை போனால் மூன்று நாள் கூலி போயிற்று. கூடவே ஒருவர் போனால் அது ஒரு நாளில் முடியும்.

பிள்ளைகளும் நோயும்

பள்ளிச் சேர்க்கைக்கு வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பினால், 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவைப் பணிவோடு எடுத்துச் சொல்லுங்கள். வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று அது சொல்கிறது. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் இப்போது காலை உணவும் உண்டு என்பதால், வேலைக்கு விடியற்காலையில் கிளம்பும் தாய்க்கு இது பெரிய ஆறுதல். காப்பகத்தில் மாலை ஆறு முதல் எட்டு வரை ஒரு மூலையை ஒதுக்கி, வெளிச்சமும் பாயும் போட்டு, வீட்டுப்பாடம் செய்ய வைத்தால் போதும்.

நெடுநாள் இருமலைச் சாதாரணமாக விடக் கூடாது. நெருக்கமாகத் தூங்கும் இடத்தில் காசநோய் எளிதில் பரவும். பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். சிகிச்சை முடியும்வரை மாதந்தோறும் 1,000 ரூபாய் ஊட்டச்சத்துக்காக வங்கிக் கணக்கில் வருகிறது. வங்கிக் கணக்கு இல்லாதவருக்கு அது எப்படி வரும் என்று யோசித்தால், முந்தைய பகுதியை ஏன் அவ்வளவு நீட்டினேன் என்பது புரியும்.

மனநலம் பாதிக்கப்பட்டுத் தெருவில் அலைபவரைக் கண்டால், 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி அவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் பொதுச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டியது காவல் நிலையத்தின் கடமை. அவரை லாக்கப்பில் வைக்கக் கூடாது. குணமான பிறகு என்ன என்பதுதான் கடினமான பகுதி. 1993-இல் சென்னையில் தொடங்கிய தி பான்யன் அமைப்பு, நீண்டகாலம் மனநலக் காப்பகத்தில் இருந்தவர்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து, சாதாரண தெருக்களில் சாதாரண வாடகை வீடுகளில், துணைப் பணியாளரின் உதவியோடு வாழும் ஏற்பாட்டைச் செய்துவருகிறது. அப்படி ஒரு வீடு உங்கள் தெருவுக்கு வந்தால், மற்ற எந்த அண்டை வீட்டாரிடமும் பேசுவதுபோலப் பேசுங்கள், பொங்கலுக்கு அழையுங்கள்.

அட்வான்ஸ் நிதி: இதில்தான் பெரும்பாலானோர் சிக்கி நிற்கிறார்கள்

ஒரு குடும்பம் மாதம் 5,000 ரூபாய் வாடகை கொடுக்க முடிந்தாலும், வீட்டுக்குள் நுழைய வேண்டிய மொத்தத் தொகையை ஒரே நாளில் வைக்க முடியாது. மூன்று மாத அட்வான்ஸ் 15,000, முதல் மாத வாடகை 5,000, அடுப்பு, பாத்திரம், வாளி, பாய், பூட்டு என்று இன்னொரு 5,000; ஆக 25,000 ரூபாய் வேண்டும். இதற்குத் தண்டல்காரரிடம் போனால், 10,000 என்று பேசி வட்டியாக ஆயிரமோ அதற்கு மேலோ முன்கூட்டியே பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுப்பார். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் நூறு நாளில் கட்ட வேண்டும். ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் தவணை நிற்கும், அடுத்து வாடகை நிற்கும், பிறகு மறுபடியும் நடைபாதைதான்.

ஐம்பது வீடுகள் உள்ள ஒரு தெரு, வீட்டுக்கு மாதம் 500 ரூபாய் எடுத்து வைத்தால் 25,000 சேர்கிறது. அதாவது மாதத்துக்கு ஒரு குடும்பம். அதில் அட்வான்ஸ் பகுதியை மட்டும் வட்டியில்லாக் கடனாகக் கொடுத்து, மாதம் 500 வீதம் திருப்பி வாங்கிக்கொண்டால், பணம் சுழன்று அடுத்த குடும்பத்துக்குப் போகும். மற்றது நன்கொடையாகவே இருக்கட்டும். எல்லாவற்றையும் கடனாக்கினால் தண்டல்காரருக்கும் நமக்கும் வேறுபாடு குறைந்துபோகும். எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுத்தால் பணம் சுழலாமல் நின்றுவிடும். தவணை தவறினால் வீட்டு வாசலில் போய் நிற்கக் கூடாது என்பதை முதல் கூட்டத்திலேயே தீர்மானமாக எழுதி வையுங்கள்.

கணக்கை மூன்று பேர் பெயரில் வங்கியில் வைத்து, மாதந்தோறும் வரவு செலவைத் தெருவாருக்குக் காட்டுங்கள். ஆனால் யாருக்குக் கொடுத்தோம் என்ற பெயர் அந்தக் கணக்கில் வரக் கூடாது. பணத்தைக் குடும்பத்தின் கையில் கொடுப்பதா, வீட்டுக்காரரிடம் நேராகக் கொடுப்பதா என்று விவாதம் எழும். நாங்கள் இரண்டையும் செய்து பார்த்தோம். குடும்பமே தன் கையால் வீட்டுக்காரரிடம் கொடுத்து ரசீது வாங்க, நம்மில் ஒருவர் பக்கத்தில் நிற்பதே நல்லது என்பது என் அனுபவம். அந்த நாளிலிருந்து வீட்டுக்காரர் அவர்களைக் குடித்தனக்காரராகப் பார்க்கிறார், நம்மைத் தேடுவதில்லை.

வீட்டுக்காரரிடம் பேசுவது

"எந்த ஊரு, என்ன ஆளுங்க, எத்தனை பேரு" என்று கேட்பார்கள். சாதியைக் கேட்கும் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லாதீர்கள். குடும்பத்தின் சார்பில் சொல்ல உங்களுக்கு உரிமையும் இல்லை. கணவன், மனைவி என்ன வேலை பார்க்கிறார்கள், எத்தனை ஆண்டாகப் பார்க்கிறார்கள், பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள், ஏதாவது பிரச்சினை என்றால் எங்களில் யாரைக் கூப்பிடலாம் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். அவர்கள் காப்பகத்தில் இருந்ததைச் சொல்வதா வேண்டாமா என்பது குடும்பத்தின் முடிவு. அவர்கள் வேண்டாம் என்றால் நீங்கள் மூச்சு விடக் கூடாது. நீங்கள் பொய்யும் சொல்ல வேண்டியதில்லை; "எங்களுக்கு ஒன்றரை வருடமாகத் தெரிந்தவர்கள்" என்பது உண்மைதானே.

நான்கு வீட்டுக்காரர்கள் மறுத்தால் ஐந்தாமவர் ஒப்புக்கொள்வார். கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் லைன் வீடு வைத்திருக்கும் முதிய பெண்கள் பலர், தாங்களே ஒரு காலத்தில் குடிசையில் இருந்தவர்கள் என்பதால், எளிதில் இரங்குவதைப் பார்த்திருக்கிறேன். வாய்ப்பேச்சோடு விடாமல் எழுத்தில் ஒப்பந்தம் கேளுங்கள். 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாத நிலையில், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. ஒப்பந்தம் இருந்தால்தான் அடுத்த சுற்று முகவரி மாற்றங்களுக்கும் வழி பிறக்கும். மின்கட்டணத்தை யூனிட்டுக்கு எவ்வளவு என்று வசூலிப்பார்கள், தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், கழிப்பறை எத்தனை குடும்பத்துக்குப் பொது என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பின்னால் சண்டை வருவது பெரும்பாலும் இந்த மூன்றில்தான்.

காப்பகமே உங்கள் தெருவுக்கு வந்தால்

எதிர்ப்பு வரும். கூட்டத்தில் ஒருவர் திருட்டைப் பற்றிப் பேசுவார், இன்னொருவர் வீட்டு மதிப்பைப் பற்றிப் பேசுவார். அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லி ஒதுக்கினால் கதவு அடைபடும். பொறுப்பாளரை அழைத்து, இரவில் யார் பணியில் இருப்பார்கள், எத்தனை பேர் தங்குவார்கள், புகார் என்றால் யாரிடம் சொல்வது என்பதை நேரில் விளக்கச் சொல்லுங்கள். காப்பகத்துக்கென மேலாண்மைக் குழு அமைக்கப்படும்போது, எதிர்த்துப் பேசிய ஒருவரையே அதில் உறுப்பினராக இருக்கும்படி கேளுங்கள். நமக்கு இந்த வழக்கம் புதிதும் இல்லை. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரில் இன்றும் நிற்கும் ராமசாமி முதலியார் சத்திரம் போல, வழிப்போக்கருக்குக் கூரை கொடுத்த கட்டடங்கள் நம் ஊர்கள் எங்கும் இருந்தன.

வீட்டுக்குப் போன பிறகு

முதல் ஆறு மாதம்தான் ஆபத்தானது. வடகிழக்குப் பருவமழையில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மூட்டை வேலையும் கட்டட வேலையும் பாதியாகக் குறையும். அந்த மூன்று மாதங்களில் வாடகை தவறும் என்று இப்போதே எண்ணி, நிதியில் ஒரு பகுதியைத் தொடாமல் வையுங்கள். முடிந்தால், மழைக்காலத்துக்கு முன்பே வீடு மாற்றி முடித்துவிடுங்கள். எரிவாயு இணைப்பு கிடைக்கும்வரை, முகவரிச் சான்று கேட்காமல் விற்கும் 5 கிலோ சிறிய சிலிண்டர் போதும்.

எங்கள் குழுவில் ஒரு குடும்பத்துக்கு ஒருவர் என்று பிரித்துக்கொண்டோம். அவர் மாதம் ஒருமுறை, வாடகைத் தேதிக்கு ஐந்து நாள் முன்னதாக, தொலைபேசியில் பேசுவார். தேதி கடந்த பிறகு பேசினால் அது விசாரணையாகிவிடும். முன்னதாகப் பேசினால், குறைகிற ஆயிரம் ரூபாயைப் பற்றி அவர்களே வாய்விட்டுச் சொல்ல நேரம் இருக்கிறது. கொருக்குப்பேட்டைக்குப் போன அந்தப் பெண்மணி, இரண்டாம் மாத அழைப்பில் வாடகையைப் பற்றிப் பேசவே இல்லை. பக்கத்து வீட்டில் இருக்கும் பிள்ளைகள் தன் மகளை விளையாடக் கூப்பிடுகிறார்கள் என்றும், ராத்திரியில் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத் தூங்குவது இன்னும் பழகவில்லை என்றும் சொன்னார். மூன்றாம் மாதம் வாடகையில் 700 ரூபாய் குறைகிறது என்றார். நிதியிலிருந்து அன்று மாலையே கொடுத்தோம், பொங்கலுக்குப் பிறகு இரண்டு தவணையாகத் திருப்பிக் கட்டினார்.